குன்றைக் கரைப்பது சக்கரமா, தண்ணீரா?

மாணவர்களே, பெருமழை ஓய்ந்த மறுநாள் காலை ஒரு தோட்டத்துச் செம்மண் பாதையைக் கவனித்துப் பாருங்கள். பாதையின் நடுவே ஒரு சிறு வாய்க்கால் அறுத்துக்கொண்டு போயிருக்கும். ஓரத்து மரங்களின் வேர்கள் மண்ணை இழந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கத்தின் அடியில், மேலிருந்து வந்த மண் சேறாகப் படிந்திருக்கும். அந்தப் பாதையில் சைக்கிள் சக்கரத்தின் அடையாளமும் இருந்துவிட்டால் போதும், "சைக்கிள்காரர்கள் பாதையை நாசமாக்கிவிட்டார்கள்" என்று தீர்ப்பு வந்துவிடும். சைக்கிள் ஓட்டுபவர்களோ, "மழை அடித்துக்கொண்டு போனதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பார்கள்.

இரு தரப்பும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. குன்றுப் பாதையைக் கரைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆனால், அந்தத் தண்ணீருக்கு வழி அமைத்துக் கொடுப்பது மனிதர்கள். ஆகவே, "சைக்கிளைத் தடை செய்யுங்கள்" என்பது மட்டும் தீர்வாகாது. "எங்களை எங்கள் போக்கில் விடுங்கள்" என்பதும் நியாயமாகாது. தடத்தைச் சரியான இடத்தில் வெட்டவேண்டும். சரியான நேரத்தில் ஓட்டவேண்டும். ஓட்டுகிறவர்களே அதைப் பராமரிக்கவும் வேண்டும். இந்த மூன்றையும் நாம் செய்வதில்லை என்பதுதான் என் குறை. ஏன் செய்யவேண்டும் என்பதற்கான விடை, நீங்கள் வகுப்பில் படிக்கும் அறிவியலிலேயே இருக்கிறது.

மேடும் பள்ளமுமான நாடு

மவுண்டன் பைக் எனப்படும் மலைச்சைக்கிளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தடித்த டயர், அதில் மண்ணைக் கவ்விப் பிடிக்கும் முடிச்சுகள், அதிர்ச்சியைத் தாங்கும் முன் கவை, வலுவான பிரேக் ஆகியவை அதன் அடையாளங்கள். "மலை" என்ற பெயர் இருந்தாலும், அதற்கு உயர்ந்த சிகரம் தேவையில்லை. ஏறி இறங்கும் சிறு குன்றுகளே அதற்கு ஏற்ற இடம். தீபகற்ப மலேசியாவில் அப்படிப்பட்ட நிலத்துக்குப் பஞ்சமே இல்லை. தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்திலிருந்து கரையோரச் சமவெளி வரை, செம்பனையும் பால்மரமும் போர்த்திய குன்றுகள் அலை அலையாகக் கிடக்கின்றன. உலு லங்காட், செமினி போன்ற வட்டாரங்களில் கம்பங்களையும் தோட்டங்களையும் தொட்டுச் செல்லும் மண் பாதைகள் பல உள்ளன.

நகரத்துக்கு அருகில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு கோலாலம்பூரின் புக்கிட் கியாரா. இன்று அடுக்குமாடிகளுக்கு நடுவே பசுமையாகத் தெரியும் அந்தக் குன்று ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்தது. பால் வெட்டிய மரங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே காட்டு மரங்களோடு கலந்து நிற்கின்றன. அந்த மரங்களின் ஊடே, தன்னார்வலர்கள் தங்கள் கையால் வெட்டிப் பராமரித்த குறுகிய தடங்களில்தான் சைக்கிள்களும் நடையாளர்களும் போய்வருகிறார்கள்.

இப்படிப்பட்ட குன்றுகளுக்கும் ஐரோப்பாவின் புல்வெளிக் குன்றுகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அது மழை. நம் நாட்டின் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதுவும் தூறலாக நாள் முழுவதும் பரவிப் பெய்வதில்லை. பிற்பகலில் இடியோடு வந்து ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பிற நாட்டுத் தடங்களின் படங்களைப் பார்த்து, அதே போல இங்கும் வெட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஐயாயிரம் லிட்டர் கணக்கு

ஒரு சிறு கணக்குப் போடுவோம். குன்றின் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு நேராக இறங்கும் ஒரு தடம். நீளம் 100 மீட்டர், அகலம் 1 மீட்டர். அதன் பரப்பு 100 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் இடிமழைக்கு இது பெரிய அளவல்ல. 100 சதுர மீட்டரை 0.05 மீட்டரால் பெருக்கினால் 5 கன மீட்டர் வரும். அதாவது 5,000 லிட்டர், எடையில் 5 டன் தண்ணீர். இது தடத்தின் மேல் நேரடியாக விழும் மழை மட்டும்தான். பக்கத்துச் சரிவிலிருந்து வழிந்து வருவது இதில் சேரவில்லை.

காட்டுத் தரையில் விழும் மழையை இலைச் சருகும் வேரும் மண்ணின் நுண்துளைகளும் உறிஞ்சிக்கொள்ளும். தடத்திலோ மண் மிதிபட்டு இறுகிப்போயிருப்பதால், தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை. நேராக இறங்கும் தடத்தில் அது பக்கவாட்டில் தப்பிக்கவும் முடியாது. ஆகவே, அத்தனையும் ஒன்று சேர்ந்து கீழ்நோக்கிப் பாயும். போகப் போக அதன் அளவும் கூடும், வேகமும் கூடும்.

வேகம் கூடினால் என்ன ஆகும்? இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். வேகம் 2 மடங்கானால் ஆற்றல் 4 மடங்காகும். மண்ணையும் கல்லையும் நகர்த்தும் விஷயத்தில் விளைவு இன்னும் கடுமையானது. ஓடும் நீரின் வேகம் 2 மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய மிகப்பெரிய கல்லின் எடை கோட்பாட்டளவில் 64 மடங்காகும். மெதுவாக ஓடும்போது மணலை மட்டும் நகர்த்திய அதே தண்ணீர், வேகம் பிடித்ததும் கூழாங்கற்களைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போவது இதனால்தான்.

இப்போது அதே குன்றில், தடத்தை நேராக இறக்காமல் சரிவின் குறுக்கே வளைத்து வெட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். பத்து மீட்டருக்கு ஒருமுறை தடம் சற்றே தாழ்ந்து மறுபடி ஏறுகிறது. அந்தத் தாழ்வுக்கு வந்த தண்ணீர் மேற்கொண்டு தடத்தில் ஓட முடியாமல், பக்கத்துப் புதருக்குள் வெளியேறிவிடும். அப்போது 100 மீட்டர் தடத்தின் 5,000 லிட்டர் ஒரே வெள்ளமாகச் சேராது. 500 லிட்டர் வீதம் பத்து இடங்களில் பிரிந்து, வேகம் பிடிக்கும் முன்னரே காட்டுத் தரையில் பரவிவிடும். மழையும் குன்றும் மாறவில்லை, தடத்தின் வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. அதனால் குன்று தப்பித்துக்கொண்டது.

தடம் வெட்டுவதற்கான விதிகள்

உலகெங்கும் தடம் வெட்டுபவர்கள் இந்த அறிவியலைச் சில எளிய விதிகளாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, பாதி விதி. தடத்தின் சாய்வு, அது கடந்து செல்லும் குன்றுச் சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. குன்றின் சரிவு 30 விழுக்காடு என்றால், தடத்தின் சாய்வு 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால், தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடப்பதற்குப் பதில் தடத்தின் வழியே ஓடத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, பத்து விழுக்காட்டு விதி. ஒரு தடத்தின் சராசரிச் சாய்வு 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. அதாவது, 10 மீட்டர் தூரம் போனால் 1 மீட்டர் உயரம். கோணத்தில் சொன்னால் ஏறத்தாழ 5.7 பாகை.

மூன்றாவது, வெளிப்புறச் சாய்வு. தடத்தின் தளம் குன்றின் இறக்கப் பக்கமாக ஏறத்தாழ 5 விழுக்காடு சாய்ந்திருக்கவேண்டும். 1 மீட்டர் அகலத் தடத்தில் இது வெறும் 5 சென்டிமீட்டர்தான். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தச் சாய்வு, தண்ணீரைத் தடத்திலிருந்து ஓரமாகத் தள்ளிவிடப் போதும்.

இவை ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த புதிய ஞானம் என்று நினைக்கவேண்டாம். நம் தோட்டங்கள் இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில், மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் புல்பூண்டு ஒன்றுகூட இல்லாமல் தரையைச் சுத்தமாகச் செதுக்கி வைப்பதே நல்ல நிர்வாகம் என்று கருதப்பட்டது. வெறும் தரையில் மழை அடித்தது. குன்றுகளின் வளமான மேல்மண் ஆறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் சம உயரக் கோட்டை ஒட்டிப் படிப்படியாக மேடை வெட்டும் முறையும், வழிந்தோடும் நீரையும் வண்டலையும் பிடித்து வைக்கும் குழிகளும், மண்ணைப் போர்த்தும் மூடுபயிர்களும் பரவலாயின. புவேராரியா, சென்ட்ரோசீமா போன்ற அவரையினக் கொடிகள் மண்ணைக் காத்ததோடு, வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியாக்களின் உதவியால் நைட்ரஜனையும் சேர்த்தன.

அந்த மேடைகளை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். உங்களில் பலருடைய பாட்டன் பூட்டன்மாராகவும் அவர்கள் இருக்கலாம். குன்றின் குறுக்கே நடந்தால் மண் நிற்கும், நேராக இறங்கினால் மண் போகும் என்பதை அவர்கள் மண்வெட்டி பிடித்த கையால் அறிந்திருந்தார்கள். இன்று அதே குன்றுகளில் சைக்கிள் ஓட்டும் நாம் அதை மறந்துவிடுவது வருந்தத்தக்கது.

காலா, சக்கரமா?

சரி, தடம் நன்றாகவே இருக்கிறது. அதில் நடப்பவர் அதிகம் கெடுக்கிறாரா, சைக்கிள் ஓட்டுபவரா? இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வில், நடையாளர்கள், குதிரைகள், மோட்டார் சைக்கிள்கள், மலைச்சைக்கிள்கள் ஆகிய நான்கும் ஒப்பிடப்பட்டன. சக்கரங்களைவிடக் குளம்புகளும் கால்களுமே அதிக மண்ணைப் பெயர்த்து, அரிப்புக்குத் தயாராக்கின என்பது அதன் முடிவு. ஏற்கெனவே நனைந்திருந்த தடங்களில் இந்தப் பாதிப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துக் காடு ஒன்றில் நடந்து 2001இல் வெளியான மற்றோர் ஆய்வில், தடமே இல்லாத தரையில் சிலரை நடக்கவிட்டார்கள், சிலரைச் சைக்கிள் ஓட்டவிட்டார்கள். 25 முறை முதல் 500 முறை வரை கடந்த பிறகு செடிகளையும் மண்ணையும் அளந்தார்கள். நடப்பதற்கும் ஓட்டுவதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றை அந்த ஆய்வு காட்டியது. சேதத்தின் பெரும்பகுதி முதல் சில பயணங்களிலேயே நடந்துவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு பயணமும் சேர்க்கும் சேதம் குறைந்துகொண்டே போகிறது.

இந்த ஆய்வுகள் குளிர்நாடுகளில் நடந்தவை. நம் மண்ணும் மழையும் வேறு. எண்களை அப்படியே இங்குக் கொண்டுவர முடியாது. "ஆய்வே சொல்லிவிட்டது, சைக்கிள் ஒன்றும் செய்யாது" என்று இவற்றைக் காட்டி வாதாடுவதும் தவறு. நடையாளரைவிடச் சைக்கிள் ஓட்டுபவர் ஒரே நாளில் பல மடங்கு தூரம் போகிறார். இறக்கத்தில் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சக்கரத்தைப் பூட்டிவிட்டால், அது உருளாமல் மண்ணைச் சுரண்டிக்கொண்டே போகும். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் தரையோடு ஒப்பிட அசைவற்று நிற்கிறது. அங்கே வேலை செய்வது நிலை உராய்வு. பூட்டிய சக்கரத்திலோ டயர் தரையின் மேல் வழுக்குகிறது. அது இயக்க உராய்வு. முதலாவதில் பிடிமானம் அதிகம், மண் சேதம் குறைவு. இரண்டாவதில் பிடிமானமும் போகிறது, மண்ணும் போகிறது. புழுதி பறக்கச் சறுக்கி நிற்பது பார்க்க வீரமாக இருக்கலாம். அறிவியல்படி அது பிரேக் பிடிக்கத் தெரியாததன் அடையாளம்.

ஒன்டாரியோ ஆய்வின் அந்த இரண்டாவது முடிவுதான் என் வாதத்துக்கு அடிப்படை. முதல் சில பயணங்களே அதிகம் கெடுக்கின்றன என்றால், இருக்கிற தடத்தில் நூறாவது ஆளாகப் போவது சிறிய குற்றம். புதிய வழியில் முதல் ஆளாகப் போவது பெரிய குற்றம். தடத்தின் நடுவே ஒரு சேற்றுக் குட்டை இருக்கிறது. சப்பாத்து நனையக்கூடாது என்று ஓரமாக ஒதுங்கிப் புல்லின் மேல் போகிறோம். அடுத்தவர் நம் தடத்துக்கும் ஓரமாகப் போகிறார். ஒரு மாதத்தில் அரை மீட்டர் தடம் இரண்டு மீட்டர் சேறாகிவிடுகிறது. வளைவைச் சுற்ற மனமில்லாமல் குறுக்கு வழியில் நேராக இறங்குவதும் இதே கதைதான். அந்தக் குறுக்கு வழி, அடுத்த மழைக்கு நாமே வெட்டிக்கொடுத்த வாய்க்கால்.

தடை போட்டால் தீருமா?

சில இடங்களில் தடை கட்டாயம் வேண்டும். அரிய தாவரங்களும் விலங்குகளும் வாழும் காப்புக்காட்டின் உட்பகுதியில் சைக்கிளுக்கு இடமில்லை என்றால், அதைக் கேள்வி கேட்காமல் ஏற்கவேண்டும். தனியார் தோட்டத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையவும் கூடாது. அது வேலை நடக்கும் இடம். பழக்குலை ஏற்றிய டிராக்டர் எந்த வளைவிலும் எதிரே வரலாம்.

ஆனால், மாற்று இடம் எதுவும் தராமல் எல்லாத் தடத்தையும் மூடுவது வேறு. ஓட்டும் ஆசை பூட்டுப் போட்டால் நின்றுவிடாது. சிலர் வேலியைச் சுற்றிப் புதிய வழி தேடுவார்கள். மேலே பார்த்தபடி, புதிய வழியே மிக அதிகமாகக் கெடுக்கும் வழி. காட்டைக் காப்பதற்காகப் போட்ட பூட்டே காட்டில் புதிய காயங்களை உண்டாக்கிவிடக்கூடும்.

நிலப் பற்றாக்குறை நம்மைவிடப் பன்மடங்கு அதிகமான சிங்கப்பூர் வேறொரு வழியை எடுத்துக் காட்டியிருக்கிறது. கம்பத்து வாழ்க்கை இன்னும் மிச்சமிருக்கும் புலாவ் உபின் தீவில், பழைய கருங்கல் சுரங்கம் ஒன்றைச் சுற்றியுள்ள குன்றுகளில் 2008இல் கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்கா திறக்கப்பட்டது. அங்குள்ள தடங்கள் கடினத்துக்கு ஏற்ப நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் எனக் குறியிடப்பட்டுள்ளன. புதிதாக ஓட்டுபவர் தன் தகுதிக்கு மீறிய இறக்கத்தில் போய்ப் பிரேக்கை அழுத்திக் குன்றைச் சுரண்டவேண்டிய தேவை இதனால் குறைகிறது. செஸ்நட் இயற்கைப் பூங்காவிலோ நடையாளருக்கும் சைக்கிளுக்கும் தனித்தனித் தடங்களே உண்டு. மத்திய நீர்ப்பிடிப்புக் காப்புக்காட்டின் மேல் உள்ள நெருக்கடியைக் குறைப்பதும் அந்தப் பூங்காவின் நோக்கங்களில் ஒன்று. இங்கே போகாதே என்று சொல்வதோடு நிற்காமல், அங்கே போ என்றும் சொல்வதுதான் இதன் சிறப்பு.

நாம் செய்யக்கூடியது

நம் ஆறுகள் பழுப்பாக ஓடுவதற்கு நில அழிப்பும் கட்டுமானமும்தான் பெரிய காரணங்கள். அவற்றோடு ஒப்பிட்டால் சைக்கிள் தடம் மிகச் சிறியது. ஆனால், பெரியவற்றை நிறுத்தும் அதிகாரம் படிவம் மூன்றில் படிக்கும் மாணவருக்கு இன்று இல்லை. தான் போகும் தடம் எப்படி இருக்கவேண்டும் என்பதில் அவருக்குச் சொல் உண்டு. மேல்மண் ஒரு சென்டிமீட்டர் உருவாக இயற்கைக்கு நூறாண்டுகளும் அதற்கு மேலும் ஆகக்கூடும். அதை ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் இழப்பதற்கு நாம் காரணமாக இருக்கவேண்டாம்.

பெருமழைக்குப் பிறகு ஒரு நாளாவது தடத்தை விட்டுவைக்கவேண்டும். சக்கரம் ஆழமாகப் பதிந்து பள்ளம் விழுகிறது என்றால், ஈரம் இன்னும் காயவில்லை, திரும்பிவிடுங்கள் என்று பொருள். வழியில் குட்டை வந்தால் ஓரமாக ஒதுங்காமல், வேகத்தைக் குறைத்து நடுவே போகவேண்டும். சைக்கிளைக் கழுவிக்கொள்ளலாம், குன்றைத் திரும்பக் கட்ட முடியாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தால் வளைவுக்குள் சறுக்கவேண்டியிருக்காது. ஏறி வருபவருக்கும் நடந்து வருபவருக்கும் வழி விடவேண்டும்.

தடங்களை நிர்வகிப்பவர்களும் கடும் மழைக்குப் பிறகு தற்காலிகமாக மூடும் பலகையை வைக்கவேண்டும். நேராக இறங்கும் பழைய தடங்களைச் சருகும் கிளையும் போட்டு அடைத்து, சரிவின் குறுக்கே புதிய தடங்களை முறைப்படி வெட்டவேண்டும். அந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றால், ஓட்டுகிறவர்களை அழைக்கலாம். பத்து முறை ஓட்டினால் ஒரு முறை மண்வெட்டி பிடிக்கவேண்டும் என்று ஒவ்வொரு சைக்கிள் குழுவும் தனக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு பாகைமானி, ஒரு நூல், அதன் நுனியில் ஒரு எடை; சாய்வு அளக்கும் கருவி தயார். உங்கள் பள்ளிக்கு அருகே உள்ள மண் பாதையில், ஆசிரியரோடு சென்று, ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் பாதையின் சாய்வையும் குன்றின் சரிவையும் அளந்து எழுதுங்கள். எங்கே பாதி விதி மீறப்பட்டிருக்கிறது என்று குறியுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மீண்டும் போய்ப் பாருங்கள். வாய்க்கால் விழுந்த இடமும் நீங்கள் குறித்த இடமும் எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்று ஒப்பிடுங்கள். அந்த அட்டவணையைப் பூங்கா நிர்வாகத்திடமோ நகராண்மைக் கழகத்திடமோ கொடுங்கள். "பாதை கெட்டுவிட்டது" என்ற முறையீட்டை ஒதுக்கிவிடலாம். "40ஆவது மீட்டரில் சாய்வு 22 விழுக்காடு, 15க்கு மேல் போகக்கூடாது" என்று ஒரு மாணவர் அளந்து சொல்வதை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.